பாளையங்கோட்டையில் பகல் நேரக் குழந்தைகள் காப்பகம்: உரிமம், வீடு, ஆள், கட்டணம்

கோட்டூர் ரோடு வாசகி:

அனைவருக்கும் வணக்கம். நர்சரி பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் எல்.கே.ஜி. வகுப்பு எடுத்தவள் நான். இப்போது சொந்தமாக ஒரு டே கேர் தொடங்கலாம் என்று இருக்கிறேன். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் பணிபுரியும் செவிலியர்கள், வங்கியிலும் கல்லூரியிலும் வேலை பார்ப்பவர்கள், கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு விடிகாலையில் பஸ் ஏறும் இளம் தாய்மார்கள் என்று எங்கள் தெருவிலேயே கேட்பவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆச்சியும் தாத்தாவும் ஊரில் வயலையும் மாட்டையும் விட்டுவிட்டு வர முடியாத வீடுகளில், 26 வாரப் பிரசவ விடுப்பு முடிகிற அன்றைக்குப் பிள்ளையை யார் கையில் கொடுப்பது என்பது பெரிய கவலையாகவே இருக்கிறது.

வண்ணாரப்பேட்டையில் ஆற்றுப் பக்கமாக ஒரு வீடு பார்த்திருக்கிறேன். கீழ்த்தளம் மட்டும் 1,100 சதுர அடி. ஒரு பிள்ளைக்கு 10 முதல் 12 சதுர அடி இருந்தால் போதும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலில் இருப்பதாகப் படித்தேன். அந்தக் கணக்கில் 30 பிள்ளைகள் தாராளமாக இருக்கலாம். மூன்று ஆயாம்மாக்களை வைத்துக்கொள்ள நினைக்கிறேன். உரிமத்துக்கு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், மாதக் கட்டணம் எவ்வளவு வைக்கலாம் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பெருமாள்புரம் காப்பகத்தார்:

தங்கச்சி, உங்கள் முயற்சிக்கு வாழ்த்துகள். நான் பெருமாள்புரத்தில் ஒரு காப்பகம் நடத்தி வருகிறேன். நீங்கள் கணக்கைச் சதுர அடியிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். அதைக் கைகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நீங்கள் படித்த அதே வழிகாட்டுதலில், அதாவது மகப்பேறு சலுகைச் சட்டத்தின் 2017 திருத்தத்தை ஒட்டி 2018இல் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்டதில், ஆள் கணக்கும் இருக்கிறது. 3 வயதுக்குக் கீழே 10 பிள்ளைகளுக்கு ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும், 3 முதல் 6 வயது வரை 20 பிள்ளைகளுக்கு ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதைக் குறைந்தபட்சம் என்றுதான் கொள்ள வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தைகள் என்றால் இரண்டு பேருக்கு ஒருவர் இல்லாமல் நான் சேர்ப்பதே இல்லை. காரணம் எளியது. தீப்பிடித்தாலோ வெள்ளம் வந்தாலோ ஒரு பெண்ணால் இரண்டு கைக்குழந்தைகளைத்தான் தூக்கிக்கொண்டு வெளியே வர முடியும். மூன்றாவது பிள்ளைக்கு இன்னொரு கை வேண்டும். யார் யாரைத் தூக்குவது என்பதை எழுதிச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறோம். புதிய பிள்ளை சேரும்போதெல்லாம் அந்தத் தாளைத்தான் முதலில் பார்ப்பேன். அதில் பெயர் எழுத இடம் இல்லையென்றால் சேர்க்கை இல்லை.

விபத்து நாளை விடுங்கள். சாதாரண நாளின் மத்தியானம் பன்னிரண்டரை மணியை எண்ணிப் பாருங்கள். ஒரு பிள்ளைக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று துணியை நனைத்துவிடும், ஒன்று தூக்கத்துக்கு அழும், ஒன்று கதவைப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கேட்கும். நனைத்த பிள்ளையைக் கழுவி, துடைத்து, வேறு துணி மாற்றி, பிறகு தன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மறுபடி சோற்றுக் கிண்ணத்தைத் தொட வேண்டும். ஆள் குறைந்தால் முதலில் விட்டுப்போவது அந்தக் கைகழுவல்தான். அப்புறம் ஒரு பிள்ளைக்கு வந்த வயிற்றுப்போக்கு அந்த வாரத்துக்குள்ளேயே பத்துப் பிள்ளைகளுக்கு வந்துவிடும்.

மூன்று பேரை வைத்து 30 பிள்ளைகள் என்ற திட்டத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முதலில் உங்களுக்கு எத்தனை நல்ல ஆட்கள் கிடைப்பார்கள் என்று பாருங்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை, வீட்டின் அளவு, கட்டணம் எல்லாம் அதற்குப் பிறகு தானாக வரும்.

நெல்லைப் பொறியாளர்:

வீட்டைப் பற்றி நான் எழுதுகிறேன்.

முதலில் ஆற்றுப் பக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வண்ணாரப்பேட்டை, கொக்கிரகுளம், மீனாட்சிபுரம், சிந்துபூந்துறைத் தெருக்களுக்குள் எப்படிப் புகுந்தது என்பதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றியே தண்ணீர் நின்றது. காப்பகம் தரைத்தளத்தில் இருப்பதுதான் நல்லது, வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் ஆற்றை ஒட்டிய தரைத்தளத்தைப் பிள்ளைகளுக்கு எடுக்கக் கூடாது. பார்க்கும் வீட்டின் சுவரில் தண்ணீர் ஏறிய கறை தெரிகிறதா என்று கவனியுங்கள். வெள்ளை அடித்து மறைத்திருந்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், உள்ளதைச் சொல்வார்கள்.

அடுத்தது, பழைய வளவு வீடுகள். டவுனிலும் பாளையங்கோட்டையின் உள் தெருக்களிலும் வாடகை குறைவு என்று பலர் இந்த வீடுகளை எடுக்கிறார்கள். நடை, தார்சா (முன்கூடம்), பட்டாசல் (நடுக்கூடம்), அரங்கு வீடு (உள்ளறை), அடுக்களை, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு போகும். இரண்டு பக்கச் சுவரும் அண்டை வீட்டோடு பொது. பிள்ளைகளைக் குளிர்ச்சியான பட்டாசலிலும் அரங்கு வீட்டிலும் தூங்க வைப்பார்கள், அடுக்களையில் கேஸ் அடுப்பு எரியும். அடுக்களையில் தீப்பிடித்தால் புறவாசல் வழி அடைந்துபோகும், எல்லாரும் முன்வாசல் ஒன்றின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த முன்வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள் நிற்கும். இத்தகைய வீட்டை எடுத்தே ஆக வேண்டும் என்றால் சமையலை அந்த வீட்டுக்குள் வைக்காதீர்கள், சிலிண்டரும் உள்ளே இருக்கக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்தோமே, சமையல் கூடத்தில் பிடித்த தீ கூரைக்கு ஏறியதும், இறங்குவதற்குக் குறுகிய படிக்கட்டு ஒன்றுதான் இருந்ததும் அதற்குக் காரணங்கள். இன்றைக்கு நம்மிடம் கேட்கப்படும் ஒவ்வொரு சான்றுக்கும் பின்னால் அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நம் ஊரிலேயே 2021 டிசம்பரில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். ஆகவே பிரதானக் கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். காம்பவுண்டுச் சுவர், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் தூண், மாடிக் கைப்பிடிச் சுவர் என்று பிள்ளை சாயக்கூடிய எதுவாக இருந்தாலும் ஒரு பொறியாளரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி ஒன்றையும் குறிப்பிட வேண்டும். நம் வீடுகளில் அதன் மூடி வாசலிலேயே இருக்கும். மெல்லிய தகட்டு மூடியாக இருந்தால் மாற்றிக் கனமான மூடி போட்டுப் பூட்டு வையுங்கள். செப்டிக் டேங்க் மூடிக்கும் அப்படியே. குளியலறையில் இரவே தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. காப்பகத்தில் ஒரு வாளித் தண்ணீரும் தரையில் நிற்கக் கூடாது. நடை பழகும் பிள்ளை தலைகீழாக வாளிக்குள் விழுந்தால் தானாக எழ முடியாது, சத்தமும் வராது.

ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர்:

உரிமம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். பலர் குழம்புவது இங்கேதான். 'காப்பக உரிமம்' என்று ஒரே ஒரு தாளைத் தேடி அலைகிறார்கள். நீங்கள் என்ன நடத்தப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து அலுவலகம் மாறும்.

மழலையர் விளையாட்டுப் பள்ளியாக, அதாவது ப்ளே ஸ்கூலாக நடத்தினால், தமிழ்நாடு அரசு 2015இல் கொண்டுவந்த விதித்தொகுப்பின்படி கல்வித் துறையின் அங்கீகாரம் பெற வேண்டும். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விண்ணப்பம். உங்களைப் போன்ற ஆசிரியை தொடங்கும் காப்பகத்தில் பாட்டு, கதை, வண்ணம் தீட்டுதல் எல்லாம் இல்லாமல் இராது. பெயர்ப்பலகையிலும் பள்ளி என்ற சொல் எப்படியாவது வந்துவிடும். எனவே இந்த வழியிலேயே போவது பாதுகாப்பு. பிள்ளைகள் இரவிலும் தங்கினால் அது வேறு சட்டம். பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் முறைப்படுத்தும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். ஷிப்டு வேலைக்குப் போகும் தாய்மார்கள், "இன்று ஒரு ராத்திரி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பார்கள். மனது இளகும். ஆனாலும் பகல் காப்பகமாக அனுமதி பெற்ற இடத்தில் பிள்ளையை இரவில் வைக்கக் கூடாது. மூடும் நேரத்தைச் சேர்க்கை விண்ணப்பத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

எந்த வழியில் போனாலும் நான்கு சான்றுகள் அடிப்படை. பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம், 1965இன்படி வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம், பொறியாளரின் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று. இவை ஒன்றையொன்று சார்ந்தவை. உறுதிச் சான்று இல்லாமல் கட்டட உரிமம் நகராது. ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு உண்டு, ஒன்று காலாவதியானால் அங்கீகாரம் புதுப்பிப்பதும் நின்றுபோகும். கெடு தேதிகளை ஒரே தாளில் எழுதி அலுவலக மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே சமைத்துக் கொடுப்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் வேண்டும்.

ஒரு வேண்டுகோள். "முதலில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், சான்றுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தரகர்கள் சொல்வார்கள். வாடகை ஒப்பந்தம் போடும் முன்பே தீயணைப்பு நிலையத்துக்கு நேரில் போய், வீட்டின் வரைபடத்தைக் காட்டி, இந்த வீட்டுக்குச் சான்று கிடைக்குமா என்று கேளுங்கள். அங்கே இரண்டாவது வாசல் வேண்டும் என்று சொன்னால், அதை உரிமையாளர் கட்ட விடுவாரா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

கோட்டூர் ரோடு வாசகி:

மிகவும் நன்றி. வண்ணாரப்பேட்டை வீட்டில் நேற்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன். ஜன்னல் திண்டு வரை தண்ணீர் நின்றதாகச் சொன்னார்கள். அந்த வீடு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். பெருமாள்புரம் அக்காவிடம் ஒரு கேள்வி. ஆறு மாதப் பிள்ளைகளையும் சேர்க்கலாமா? கேட்பவர்களில் பாதிப் பேர் அந்த வயதுப் பிள்ளை உள்ளவர்கள்.

ஹைகிரவுண்ட் செவிலி:

அக்கா பதில் சொல்வதற்கு முன்னால், செவிலியாகவும் காப்பகத்தில் பிள்ளையை விட்டவளாகவும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

கைக்குழந்தைகளைச் சேர்ப்பதானால் தாய்ப்பாலைப் பாதுகாக்கத் தெரிந்திருக்க வேண்டும். பிழிந்த பால் 25 டிகிரி வெப்பத்தில் 4 மணி நேரம் வரை தாங்கும் என்பது பொதுக் கணக்கு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் எந்த அறை 25 டிகிரியில் இருக்கிறது? வந்த உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். பெயரும் நேரமும் எழுதிய தாள் ஒவ்வொரு புட்டியிலும் ஒட்டியிருக்க வேண்டும். சூடாக்கியதை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மீந்ததை ஊற்றிவிட வேண்டும். தாய் சிரமப்பட்டுப் பிழிந்த பால் என்று மனது கேட்காமல் மறுபடி எடுத்து வைப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

மல்லாந்து தூங்க வையுங்கள். தலையணையோ கனமான போர்வையோ வேண்டாம். ஒரு வயது ஆகும் வரை நாக்கில் தேன் தடவக் கூடாது, வீட்டில் ஆச்சி தடவினாலும் காப்பகத்தில் கூடாது. முழுக் கடலை, கடலை மிட்டாய், முழுத் திராட்சை ஆகியவை மூச்சுக் குழாயில் சிக்கும். பிறந்தநாள் என்று பெற்றோர் கொண்டுவரும் தின்பண்டப் பையை அப்படியே பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள்.

மருந்து விஷயத்தில் மிகவும் கண்டிப்பாக இருங்கள். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் துளி மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 என்றும் 250 என்றும் வெவ்வேறு அளவில் வரும். "அஞ்சு மில்லி கொடுத்துவிடுங்கள்" என்று அவசரத்தில் சொல்லிவிட்டு அம்மா பஸ் ஏறிவிடுவார். பையில் இருப்பது துளி மருந்துப் புட்டியாக இருந்தால் ஒரே தடவையில் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். எனவே மருத்துவரின் சீட்டு, பிள்ளையின் எடை, மருந்தின் அளவு, கொடுக்க வேண்டிய நேரம், பெற்றோரின் கையெழுத்து ஆகிய அனைத்தும் பதிவேட்டில் இல்லாமல் ஒரு சொட்டு மருந்தும் கொடுக்கக் கூடாது. காய்ச்சல் அடிக்கும் பிள்ளையையும், வாய், கை, கால்களில் கொப்புளம் உள்ள பிள்ளையையும் அன்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் துணிவு வேண்டும். சேர்க்கையின்போது தடுப்பூசி அட்டையைப் பார்த்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெருமாள்புரம் காப்பகத்தார்:

செவிலித் தங்கச்சி சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. முதல் ஆண்டு ஒன்றரை வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்கள் ஒருவரோடு ஒருவர் பழகி, யார் பொறுமையானவர், யார் கோபக்காரர் என்று உங்களுக்குத் தெரிந்த பிறகு கைக்குழந்தைகளைப் பற்றி யோசிக்கலாம்.

கணக்கர், தியாகராஜநகர்:

கட்டணம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். பக்கத்துக் காப்பகத்தின் கட்டணத்தைப் பார்த்து அதில் நூறு ரூபாய் குறைத்து வைப்பதுதான் பலரும் செய்வது. பிறகு சம்பளம் கொடுக்க முடியாமல் ஆளைக் குறைப்பார்கள். அக்கா சொன்ன முறையிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்காக நான் வைத்தவை. உங்கள் தெருவின் நிலவரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் மேற்பார்வையில் 16 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பராமரிப்பாளர்களுக்குத் தலா 11,000 ரூபாய், சமையலுக்கும் சுத்தம் செய்வதற்கும் ஓர் ஆளுக்கு 8,000 ரூபாய் என்று சம்பளம் 41,000. வாடகை 14,000. பிள்ளைக்கு 600 ரூபாய் வீதம் பால், உணவு 9,600. மின்சாரம், தண்ணீர், சோப்பு, துணி 5,000. யாராவது விடுப்பில் போனால் மாற்றாளுக்கு 4,000 தனியாக ஒதுக்க வேண்டும். மொத்தம் 73,600. பதினாறால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு 4,600 ரூபாய். இதில் உங்கள் சம்பளம் இல்லை, போட்ட முதலுக்கு வட்டியும் இல்லை.

இப்போது பத்துப் பிள்ளைகள்தான் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் 3,600 குறையும், வேறு எதுவும் குறையாது. 70,000 ரூபாயைப் பத்தால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு 7,000. ஆகவே பிள்ளைகள் சேரச் சேர ஆட்களைச் சேர்க்கும்படி திட்டமிடுங்கள், ஆறு மாத வாடகையையும் சம்பளத்தையும் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். வீட்டு மின் இணைப்பிலேயே காப்பகம் நடத்த முடியாது, கட்டண வகை மாறும். சொத்துவரியும் மாறக்கூடும். இதை முன்கூட்டிச் சொல்லாததால் உரிமையாளருடன் மனத்தாங்கல் வந்து பாதியில் காலி செய்தவர்கள் உண்டு.

மேலப்பாளையம் வாசகர்:

எல்லாரும் நல்ல யோசனைகளைச் சொல்கிறீர்கள். ஆனால் 4,600 ரூபாய் என்று படித்ததும் மனது கனத்துவிட்டது. எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும், பக்கத்திலேயே தவழும் பிள்ளை. அந்தத் தூளை மூச்சில் இழுத்துக்கொண்டு வளர்கிற பிள்ளைக்குத்தானே காப்பகம் முதலில் வேண்டும்? வண்ணாரப்பேட்டை, டவுன் ஜவுளிக் கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நிற்கும் பெண்களும் இந்தக் கட்டணத்தைக் கொடுக்க முடியாது. ஆள் எண்ணிக்கையைக் கொஞ்சம் தளர்த்தினால் கட்டணம் 2,000 ரூபாய்க்கு வராதா? ஒன்றுமே இல்லாததற்கு அது மேல் இல்லையா?

பெருமாள்புரம் காப்பகத்தார்:

அண்ணாச்சி, உங்கள் ஆதங்கம் நியாயமானது. அதற்காகத் தரத்தைக் குறைக்க வேண்டும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 30 பிள்ளைகளை ஒருவர் பார்த்துக்கொள்ளும் அறையில், பிள்ளைகளைக் கட்டுப்படுத்த இரண்டே வழிதான் உண்டு. ஒன்று தொலைக்காட்சி, மற்றது மிரட்டல். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு அது போதும் என்று நாம் முடிவு செய்யக் கூடாது.

பீடி சுற்றும் தாய்மார்களுக்கு நான் சொல்லக்கூடியது அங்கன்வாடிதான். 2 வயதுக்கு மேல் கட்டணம் இல்லை, சாப்பாடும் முட்டையும் கிடைக்கும். அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் நடத்தவும் மத்திய அரசின் 'பால்னா' திட்டத்தில் இடம் இருக்கிறது. உங்கள் வார்டுக்கு அதைக் கேட்டு மனுக் கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கணக்கர், தியாகராஜநகர்:

ஜவுளிக் கடைப் பெண்களைப் பற்றி மேலப்பாளையம் நண்பர் சொன்னதற்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்று 2017 திருத்தத்திலேயே வந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் 67ஆவது பிரிவிலும் இது இருக்கிறது. நிறுவனம் தானே காப்பகம் கட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தனியார் நடத்தும் பொதுக் காப்பகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம், பல நிறுவனங்கள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது.

நம் ஊரில் 50 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஜவுளிக் கடைகளும் நகைக் கடைகளும் தனியார் ஆஸ்பத்திரிகளும் ஒன்றிரண்டு அல்ல. அங்கீகாரமும் நான்கு சான்றுகளும் கையில் இருந்தால் நேரடியாக அவர்களின் மனிதவள அலுவலரிடம் போய், "உங்கள் கடைப் பெண்களின் பிள்ளைகளுக்கு ஐந்து இடம் ஒதுக்குகிறேன், கட்டணத்தில் பாதியை நீங்கள் கொடுங்கள்" என்று கேட்கலாம். 4,600 ரூபாயில் 2,300 கடையின் பங்கு என்றால், தாயின் பங்கு மேலப்பாளையம் நண்பர் கேட்ட தொகைக்குப் பக்கத்தில் வந்துவிடும், ஆளையும் குறைக்க வேண்டியதில்லை. உரிமம் இல்லாத இடத்தோடு எந்த நிறுவனமும் எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் போடாது. உரிமத்துக்கு அலையும் அலைச்சலுக்குப் பலன் இங்கே கிடைக்கும்.

மேலப்பாளையம் வாசகர்:

இந்தப் பிரிவு எனக்குத் தெரியாது. என் தங்கை ஒரு ஜவுளிக் கடையில்தான் இருக்கிறாள். அவர்களிடம் பேசிப் பார்க்கச் சொல்கிறேன். ஆனாலும் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர்களை எந்த முதலாளியின் கணக்கில் சேர்ப்பது என்பது அப்படியே நிற்கிறது.

மகாராஜநகர் தாய்:

காப்பகத்தில் பிள்ளையை விடுகிறவர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை. என் மகளை முதலில் விட்ட ஓர் இடத்தில், உள்ளே வரக் கூடாது, கேட்டோடு நின்றுகொள்ள வேண்டும் என்பது விதி. ஒருநாள் சீக்கிரமாகப் போனபோது பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே கைபேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மறுநாளே நிறுத்திவிட்டேன். இப்போது விடும் இடத்தில் எந்த நேரமும் உள்ளே போகலாம். மாலையில் ஒரு துண்டுத் தாள் கொடுப்பார்கள். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டாள், எவ்வளவு நேரம் தூங்கினாள், எத்தனை தடவை வெளிக்குப் போனாள், எங்கே விழுந்தாள் என்று எழுதியிருக்கும். "முழங்காலில் சிராய்ப்பு, பத்தே முக்கால், மணல் தொட்டி அருகே" என்று அவர்களாகவே எழுதியதைப் பார்த்த அன்றுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. கேமரா வைத்து எங்கள் கைபேசியிலேயே பார்க்கும்படி செய்தால் இன்னும் நல்லது என்று நினைக்கிறேன்.

பெருமாள்புரம் காப்பகத்தார்:

கேமரா வேண்டும். வாசலிலும், விளையாடும் இடத்திலும், தூங்கும் அறையிலும் இருக்கட்டும். துணி மாற்றும் இடத்தில் கூடவே கூடாது. பெற்றோர் கைபேசியில் நேரடியாகப் பார்ப்பதை நான் அனுமதிப்பதில்லை. உங்கள் பிள்ளையைப் பார்க்கும்போது மற்ற பதினைந்து வீட்டுப் பிள்ளைகளும் தெரிவார்கள், அந்தப் படம் எந்தக் கைபேசிக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சந்தேகம் வந்தால் நேரில் வந்து பதிவைப் பார்க்கலாம். கதவு திறந்திருக்க வேண்டும் என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன்.

கேமராவை விட முக்கியமானது, உள்ளே விடும் ஆள். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் க்ரீச்களை, அதாவது நம்மைப் போன்ற காப்பகங்களை, பெயர் சொல்லியே குறிப்பிட்டு, நிரந்தரம், ஒப்பந்தம் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லா ஊழியர்களுக்கும் காவல் துறைச் சரிபார்ப்பைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் செய்ய வேண்டும் என்கின்றன. தெரிந்தவர், உறவுக்காரர் என்று யாருக்கும் விலக்குக் கொடுக்காதீர்கள். வேன் ஓட்டுபவர், தண்ணீர் கொண்டுவருபவர், உங்கள் வீட்டு ஆண்கள் உட்பட யாரும் பிள்ளைகளோடு தனியாக இருக்கும்படி விடக் கூடாது. எதுவாவது நடந்ததாகத் தெரிந்தால், காப்பகத்தின் பெயர் கெடும் என்று மறைப்பதும் குற்றம். தன் ஊழியர் செய்ததைத் தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளின் அம்மாக்கள் கண்ணில் படும் இடத்தில் எழுதிவையுங்கள்.

நல்ல ஆயாம்மா கிடைத்துவிட்டால் அவரைத் தக்கவைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஒரு முகத்துக்குப் பழகிய பிறகு அந்த முகம் மாறினால் பல நாள் அழும். வாரத்தில் ஒரு நாள் விடுப்பு, மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட அரைமணி நேரம், சொன்ன தேதியில் சம்பளம் ஆகிய மூன்றையும் சரியாகக் கொடுத்தால் ஆட்கள் நிற்பார்கள். இடுப்பு வலியோடு வேலை பார்க்கிறவர் பிள்ளையிடம் எரிந்து விழுவதற்குக் காரணம் அவருடைய குணம் மட்டும் இல்லை.

கோட்டூர் ரோடு வாசகி:

இந்த இழையை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். கே.டி.சி. நகரில் ஒரு தனி வீடு பார்த்திருக்கிறேன். நான்கு பக்கமும் இடம் விட்டுக் கட்டியது, பின்பக்கம் ஒரு கேட் வைக்கலாம். ஒன்றரை வயதுக்கு மேல் பத்துப் பிள்ளைகள், நானும் இரண்டு பராமரிப்பாளர்களும், சமையலுக்கு ஒருவர் என்று தொடங்கப் போகிறேன். என்னோடு பள்ளியில் ஆயாவாக இருந்த ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவர் பொறுமையை நான் அறிவேன். வீட்டு உரிமையாளர் பதினொரு மாத ஒப்பந்தம் போதும் என்கிறார். சரியாக இருக்குமா?

ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர்:

போதாது. பதினொரு மாதத்தில் உங்கள் சான்றுகள் கைக்கு வந்து சேருவதற்கே பாதிக் காலம் போய்விடும். குறைந்தது ஐந்தாண்டுக்குக் குத்தகை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு கட்டாயம். 'பகல் நேரக் குழந்தைகள் காப்பகமும் மழலையர் விளையாட்டுப் பள்ளியும் நடத்துவதற்காக' என்று நோக்கத்தை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பின்பக்கக் கேட் வைப்பதற்கும், மின் இணைப்பின் வகையை மாற்றுவதற்கும் உரிமையாளர் சம்மதிக்கிறார் என்பதையும், கூடுதல் சொத்துவரி வந்தால் யார் கட்டுவது என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

அந்த வீட்டுக்கு அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம் உரிமையாளரிடம் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். வரைபடத்தில் இல்லாத அறையைப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தால் கட்டட உரிமம் வட்டாட்சியர் அலுவலகத்தில் நின்றுவிடும். வரைபடம் தொலைந்துவிட்டது என்றால், திட்ட அனுமதி கொடுத்த அலுவலகத்தில் நகல் கேட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அது கைக்கு வந்த பிறகு முன்பணம் கொடுங்கள்.